தக்காளி இலையில் புள்ளி விழுந்தால்: கத்தரிக்கோலா, மருந்தா, புதுச்செடியா?

சிங்கப்பூரில் வீட்டில் தக்காளி வளர்க்கும் யாருக்கும் இது வராமல் போவதில்லை. அடியில் இருக்கும் இலைகளில் பழுப்புப் புள்ளி விழும், சுற்றிலும் மஞ்சள் படரும், ஒரு வாரத்துக்குள் மேலே ஏறத் தொடங்கும். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் வரும். வேப்பெண்ணெய் அடி என்பார் ஒருவர். ஆப்ப சோடா தெளி என்பார் இன்னொருவர். நர்சரியில் போய் மருந்து வாங்கு, பேசாமல் பிடுங்கிப் போடு என்றும் சொல்வார்கள். இந்த நான்குமே பொருந்தும் சூழ்நிலைகள் உண்டு. எந்த வைத்தியம் எந்தச் செடிக்கு என்று தெரியாமல் நான்கையும் ஒரே வாரத்தில் செய்து பார்ப்பதில்தான் செடி போய்விடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடித் தாழ்வாரத்திலோ பால்கனியிலோ தொட்டியில் வளர்ப்பவருக்கு முதல் மருந்து கத்தரிக்கோல், அடுத்தது காற்று. பாட்டிலில் வாங்கும் மருந்து அதற்கப்புறம்தான். சமூகத் தோட்டம் மாதிரி திறந்தவெளியில் வளர்ப்பவருக்குச் செம்பு மருந்து பயன்படும், நோய் பரவுவதற்கு முன்பே அடித்தால். எந்த இடமானாலும், இரண்டு நோய்களுக்குச் செடியைப் பிடுங்குவது ஒன்றே வழி. அதில் மட்டும் தயக்கமே கூடாது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் வானிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நாள்கள் மட்டும் 170 அளவில். காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும். பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. தக்காளிக்கு இரவு இன்னும் குளிர வேண்டும். குளிராவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். பெரிய ரகங்கள் இங்கே காய்க்க அடம்பிடிப்பதும், செர்ரித் தக்காளி ஓரளவு காய்த்துத் தள்ளுவதும் இதனால்தான். தேக்கா சந்தையில் நாம் வாங்கும் மலேசியத் தக்காளிக்குக் கேமரன் மலையின் குளிர் துணை இருக்கிறது, நம் தொட்டிச் செடிக்கு இல்லை. செடியை வாட்டும் இதே வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முன்கருகல் நோயைத் தரும் ஆல்டர்னேரியா பூஞ்சைக்கு மிகவும் ஏற்றது 24 முதல் 29 டிகிரி. இலை சில மணி நேரம் நனைந்தே இருந்தால் அது உள்ளே இறங்கிவிடும். ஆகவே இங்கே நோயை அடியோடு ஒழிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்கள் பழுக்கும்வரை அதைத் தள்ளிவைக்க முடிந்தால் அதுவே வெற்றி.

மருந்துக்கு முன் இலையைப் புரட்டிப் பாருங்கள்

எல்லாப் புள்ளியும் ஒரே நோய் இல்லை. சில நோயே இல்லை. நோய் பிடித்த இலை ஒன்றைக் கிள்ளி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரிந்து, சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தால் முன்கருகல் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்ப நாடுகளில் கொரினெஸ்போரா என்ற இன்னொரு பூஞ்சையும் ஏறக்குறைய இப்படியே வளையம் போடும். கண்ணால் பிரித்தறிவது கடினம்தான். ஆனால் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். மேல்பக்கம் ஓரம் தெளிவில்லாத மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் ஆலிவ் பச்சையாகவோ கருஞ்சாம்பலாகவோ பூஞ்சணம் படிந்திருந்தால் அது இலைப்பூஞ்சண நோய். மழையே படாத தாழ்வாரத்திலும் இது வரும். இதற்கு மழைத்துளி தேவையில்லை, தேங்கி நிற்கும் ஈரக்காற்று போதும். மேல்பக்கம் வெள்ளை மாவு தூவியது போலிருந்தால் சாம்பல் நோய். வளையம் ஏதும் இல்லாமல் சின்னச்சின்னதாக, எண்ணெய் பட்டதுபோல் ஈரமாகத் தெரியும் கரும்புள்ளிகள் இருந்து, காயிலும் சொரசொரப்பான தழும்பு இருந்தால் பாக்டீரியா புள்ளி நோய். இது பெரும்பாலும் திறந்தவெளிச் செடிகளில், காற்றோடு அடித்த மழைக்குப் பிறகு வரும்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்த பொடிகள் சில நொடிகளில் நகரத் தொடங்கினால் அது சிலந்திப்பேன். வெளிறிய நுண்புள்ளிகளோடு இலை மங்கிப்போவதை நோய் என்று நினைத்து வாரக்கணக்கில் பூஞ்சை மருந்து அடிப்பவர்கள் நிறைய. பெரும்பாலான பூஞ்சை மருந்தால் பேனுக்கு ஒன்றும் ஆகாது. இலைக்குள் வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஓடினால் அது இலைச்சுரங்கப் பூச்சி. நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் அடியிலைகளில் மஞ்சளானால் பெரும்பாலும் மக்னீசியக் குறைவு. தொட்டி மண்ணில் தினமும் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து கரைந்து வெளியேறும், அவ்வளவுதான்.

பலரும் இணையத்தில் படம் பார்த்துவிட்டு, லேட் பிளைட் எனப்படும் பின்கருகல் வந்துவிட்டது என்று பதறுகிறார்கள். அது குளிரும் ஈரமும் சேர்ந்த மலைப்பகுதி நோய். சிங்கப்பூரின் வெப்பத்தில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

கத்தரிக்கோலும் காற்றும்

இது பணம் கேட்காத வழி. அதனாலேயே பலர் இதை மருந்தாகவே மதிப்பதில்லை. எனக்கோ மற்ற எல்லா வழியும் இதற்குத் துணைதான் என்று தோன்றுகிறது. இந்தப் பூஞ்சைகள் அடியிலையில் தொடங்கி, அங்கே வித்துகளை (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை) உண்டாக்கி, காற்றிலும் தெறிக்கும் தண்ணீரிலும் ஏறி மேலே போகின்றன. அடியில் இருக்கும் நோயிலையை எடுத்துவிட்டால் வித்து வரும் இடமே போய்விடுகிறது. எந்தத் தெளிப்பானும் இவ்வளவு வேகமாக அதைச் செய்யாது.

செய்யும் விதத்தில் சில கவனங்கள் உண்டு. இலை நன்றாகக் காய்ந்திருக்கும் நேரத்தில், முற்பகலில் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் கையே நோயைச் சுமந்து போகும். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரிக்கோலை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்க வேண்டாம், செடி சோர்ந்துவிடும், காயில் வெயில் நேரடியாக விழுந்து வெளுக்கும். நன்றாக வளர்ந்த செடியில் மண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு இலையே இல்லாமல் வைத்துக்கொண்டால் மண் தெறிப்பது நின்றுவிடும். தொட்டி மண்ணின் மேல் தேங்காய் நாரைப் பரப்புவதும் இதற்காகத்தான். வெட்டிய இலையைத் தொட்டியிலேயே உரமாகப் போடாதீர்கள். ஒரு பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரிக்கப்படுவதால் நோய் அதோடு சாம்பலாகிவிடும்.

காற்றுதான் இங்கே சிக்கல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்புப் பாதுகாப்பு விதி. அதை மதித்து எல்லாத் தொட்டிகளையும் சுவரோரம் நெருக்கி அடுக்கிவிடுகிறோம். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பாண்டான், நடுவில் தக்காளி. அந்த நெருக்கத்தில் இலைகளுக்கு நடுவே காற்றே புகாது. தக்காளி ஒன்றுக்காவது இரண்டு பக்கமும் அரை மீட்டர் இடம் விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒரே தண்டாக அல்லது இரண்டு தண்டாக மேலே கயிற்றில் ஏற்றுங்கள். இடமே இல்லை என்றால் செடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. நான்கு நோஞ்சான் செடிகளைவிட நன்றாக வளரும் ஒரு செடி அதிகம் காய்க்கும். காற்றுக்காகத் தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து.

தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மேல்மாடி வீட்டுக் கம்பில் காயும் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் செடிமேல் விழுகிறதா என்றும் பாருங்கள். அப்படி விழும் இடத்தில் இருக்கும் தொட்டிக்கு மழை நிற்பதே இல்லை. தொட்டித் தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டுவது ஏடிஸ் கொசுவுக்காக நாம் எப்படியும் செய்ய வேண்டியது. செடியைச் சுற்றி ஈரம் குறையவும் அது உதவும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான். வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து செய்ய வேண்டும். வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அதற்கென்று போகும்.

வீட்டு வைத்தியங்கள்

வேப்பெண்ணெயை நம்மவர்கள் எதற்கும் தூக்கிக்கொண்டு வருவோம், அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கிறது. வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வேப்பெண்ணெய் நல்லது. சாம்பல் நோய்க்கும் ஓரளவு உதவும். ஆனால் வளையப் புள்ளி போட்டு ஏறிக்கொண்டிருக்கும் முன்கருகலை அதனால் நிறுத்த முடியாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைய சில சொட்டு மென்மையான சோப்பு, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். நண்பகலில் அடித்தால் இலை வெந்துபோகும்.

ஆப்ப சோடா இலையின் மேற்பரப்பைக் காரமாக்கிச் சாம்பல் நோயை மட்டுப்படுத்தும். மழை ஒரு முறை அடித்தால் போச்சு. தொட்டிச் செடிக்கு அதில் இன்னொரு தொல்லை: சோடாவிலுள்ள சோடியம் சிறிய அளவு மண்ணில் சேர்ந்துகொண்டே போய் வேரைக் கெடுக்கும். ஒன்றிரண்டு முறை அடிக்கலாம். வாரந்தோறும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

பாலும் மோரும் கேட்பவர்கள் உண்டு. நீர் கலந்த பால் சீமைச் சுரைக்காயின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியது என்று பிரேசிலில் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது, அது உண்மை. தக்காளியின் கருகல் நோய்க்கு அதையே நீட்டிச் சொல்ல முடியாது. தவிர, ஊரில் திறந்த கொல்லையில் மோர்க்கரைசல் அடிப்பது வேறு. வீட்டு வாசலும் பக்கத்து வீட்டு வாசலும் ஒன்றாக இருக்கும் தாழ்வாரத்தில் புளித்த வாடையும் எறும்பும் வந்தால் அடுத்து நகர மன்றத்துக்குப் புகார்தான் போகும்.

ஆகவே வீட்டு வைத்தியத்துக்கு என் கணக்கு இது: பூச்சி, பேன், சாம்பல் நோய் என்றால் செய்யுங்கள், பலன் உண்டு. புள்ளியும் கருகலும் என்றால் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

கடையில் வாங்கும் மருந்து

செம்பு மருந்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டங்களைக் காக்க மில்லர்தே என்ற தாவரவியலாளர் 1885இல் வெளியிட்ட மயில்துத்தம் (செம்பு சல்பேட்), சுண்ணாம்புக் கலவைதான் இன்றும் தமிழ்நாட்டு விவசாயிகள் சொல்லும் போர்டோ கலவை. இப்போது கடையில் கிடைப்பவை அதே செம்பின் வேறு வடிவங்கள். இலையின் மேல் செம்பு ஒரு படலமாகப் படிந்திருக்கும். வித்து வந்து விழுந்து முளைக்கும்போது அதைக் கொல்லும். இலைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பூஞ்சையை அதனால் தொட முடியாது. பாதிச் செடி கருகியபின் ஓடிப்போய்ச் செம்பு வாங்குகிறவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று குறைபட்டுக்கொள்வது இதனால்தான்.

பூஞ்சை, பாக்டீரியா இரண்டுக்கும் கேட்கும் என்பது செம்பின் பெரிய பலம். அதனால் சமூகத் தோட்டத்துக்கு அது பொருத்தம். தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டங்களில் ஒரு பாத்தி சுமார் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். பக்கத்துப் பாத்திக்காரரின் செடியில் நோய் இருந்தால் ஒரே மழையில் உங்களுக்கும் வந்துவிடும். அங்கே கத்தரிக்கோலை மட்டும் நம்பியிருக்க முடியாது. நவம்பரில் மழை வலுக்கும் முன்பே, லேபிளில் சொன்ன இடைவெளியில் அடிக்கத் தொடங்க வேண்டும், பலமான மழைக்குப் பின் மீண்டும் அடிக்க வேண்டும். பாத்தியின் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை போட விதி இடம்கொடுத்தால் அதையே முதலில் செய்வேன். இலை நனையாமல் இருப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேகமூட்டமான நாளில் மருந்து மெதுவாகக் காய்ந்தால் செம்பே இலையைச் சுடும். மண்ணில் சேர்ந்த செம்பு சிதைந்து மறையாது. மீனுக்கும் தொட்டி இறாலுக்கும் அது கடும் நஞ்சு. தாழ்வாரத்தில் கப்பி மீன் தொட்டி வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. அதன் பக்கத்தில் செம்பு தெளிப்பானை எடுக்கவே கூடாது.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை வைத்துச் செய்த மருந்துகள் எனக்குப் பிடித்தவை. இதுவும் வருமுன் காப்பதுதான், வேகம் செம்பைவிடக் குறைவு. ஆனால் மனிதருக்குத் தீங்கு மிகக் குறைவு. தாழ்வாரத்தில் எதையாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், நோயிலைகளை வெட்டியபின்.

மான்கோசெப், குளோரோதலோனில் போன்ற இரசாயனப் பூஞ்சை மருந்துகள் கருகலை நன்றாகவே தடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் குளோரோதலோனிலுக்கு 2019இலும் மான்கோசெப்புக்கு 2020இலும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. தாழ்வாரத்தில் நீங்கள் அடிக்கும் சாரல் பக்கத்து வீட்டுத் துணியிலும், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் குழந்தையின் மேலும் படும். ஒரு கிண்ணம் செர்ரித் தக்காளிக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. எந்த மருந்தானாலும் உண்ணும் பயிருக்கு உரியது என்று லேபிளில் இருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்க்கிட் செடிக்கு வாங்கி வைத்திருப்பதைத் தக்காளிக்கு அடிக்காதீர்கள்.

பிடுங்க வேண்டிய நேரம்

இரண்டு நோய்களில் யோசிக்கவே வேண்டாம். ஒன்று, மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸ். நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருளும். செடி வளர்வது நின்று பூ உதிரும். வெள்ளை ஈ பரப்பும் இதற்கு மருந்தே கிடையாது. செடியை ஒரு பெரிய பையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். சும்மா உலுக்கிப் பிடுங்கினால் ஈக்கள் பக்கத்து மிளகாய்ச் செடிக்கும் மற்ற தக்காளிக்கும் பறந்துவிடும்.

இன்னொன்று பாக்டீரியா வாடல். இலையில் புள்ளியும் இருக்காது, மஞ்சளும் இருக்காது. பச்சையாகவே இருக்கும் செடி பகலில் தொங்கும், இரவில் கொஞ்சம் நிமிரும், சில நாளில் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுனை நீரில் பட்டும் படாமலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை கீழ்நோக்கி ஒழுகினால் வாடல்தான். மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும் பாக்டீரியா அது, எந்தத் தெளிப்பும் அதை எட்டாது. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இதற்காகவே வேரோடு இருக்கும் கத்தரித் தண்டில் தக்காளியை ஒட்டுப்போடப் பரிந்துரைக்கிறது. பொறுமை உள்ளவர்கள் முயலலாம்.

மற்ற நோய்களில் செடியின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னும் பூவே விடாத செடியில் பாதி இலை போய்விட்டதா? பிடுங்கிவிடுங்கள், புது நாற்று மூன்று நான்கு வாரத்தில் அந்த உயரத்துக்கு வந்துவிடும். காய் பிடித்து நிற்கிற செடியா? இலையை வெட்டி, காற்று கொடுத்து, பழுக்கும்வரை ஓட்டுங்கள். காயின் அடியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும், நோயோடு அது கொடியில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுற்று காய்த்து முடிந்து, நோயும் ஏறிக்கொண்டிருக்கிற செடியைக் காப்பாற்றப் போராடுவதில் பயன் இல்லை. பாசத்தில் வைத்திருக்கும் அந்த ஒரு செடியிலிருந்துதான் அடுத்த நாற்றுக்கு நோய் வருகிறது.

திரும்ப நடுவதாக இருந்தால் மாதத்தையும் பார்த்து நடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி டிசம்பர், ஜனவரியில். பிப்ரவரியில் மழை குறையும். டிசம்பரில் மழை படாத இடத்தில் செர்ரி ரகத்தை நாற்று விட்டு ஜனவரியில் தொட்டிக்கு மாற்றினால், செடி இலை விட்டு வளரும் முக்கியமான வாரங்கள் காய்ந்த நாள்களில் அமையும்.

பழைய மண்ணைப் பொறுத்தவரை, இலைப்புள்ளி வந்த தொட்டி மண்ணின் மேலடுக்கை எடுத்துவிட்டு, கீரையோ வெண்டையோ போடலாம். வாடல் வந்த மண் என்றால் முழுவதையும் பையில் கட்டி எறிந்துவிட்டு, தொட்டியை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் மண்ணைச் சுடவைக்கும் முறைக்கு வாரக்கணக்கில் முழு வெயில் வேண்டும், தாழ்வாரத்தில் அது நடக்காது. மண்ணை மாற்றாமல் அதே தொட்டியில் கத்தரியோ மிளகாயோ வைக்க வேண்டாம். அவையும் தக்காளிக் குடும்பமே என்பதால் அந்த வாடல் அவற்றையும் பிடிக்கும்.